பதினைந்து நிமிடம்

கையை நீட்டுங்கள்.
உள்பக்கம் மேலே, கடன் கேட்பவர் மாதிரி.
மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை
பேனாவால் எண்கள் எழுதுகிறேன்.
எண்ணுக்கு ஒரு துளி:
ஆலிவ், சைப்ரஸ், புல், பூனை,
தூசிப்பூச்சி, பீச் பழத்தோல்.
கடைசி இரண்டும் சாட்சிகள்.
ஒன்று யார் தோலையும் தடிக்க வைக்கும்,
மற்றது வெறும் உப்புநீர்.
பிறகு ஊசிமுனை,
கொசுவைவிடப் பணிவாக.

இனி பதினைந்து நிமிடம்
சொறியக் கூடாது.

ஹயேனில் சன்னலைத் திறந்தால் ஆலிவ்.
மலை ஏறிப் பார்த்தால்
மலைக்கு அந்தப் பக்கமும் ஆலிவ்.
மே மாதம் பூக்கும்போது
நிறுத்திய கார் மேல் விரலால் பெயர் எழுதலாம்.
மஞ்சளில் படியும்.

எவுஃப்ராசியோவுக்குச் சாட்சித் துளிகூட எழும்பவில்லை.
"நேற்று ஒவ்வாமை மாத்திரை போட்டீர்களா?"
"சத்தியமாக இல்லை."
கொஞ்ச நேரம் கழித்து,
"தூக்கத்துக்குப் போட்டதும் சேர்த்தியா?"

அடுத்த வாரம் மறுபடி வந்தார்.
ஆலிவ் எண்ணில் பதினான்கு மில்லிமீட்டர்,
கால் முளைத்துப் பரவிய தடிப்பு.
என் இருபத்தோரு வருட வேலையில்
இது மூன்றாவது பெரியது.
தும்மல்? இல்லை.
கண் அரிப்பு, இருமல்? இல்லை.
"மதியம் மரத்தடியில்தான் தூக்கம்.
பூ மார்பில் கொட்டும், எழுந்து தட்டிவிடுவேன்."
பிறகு எதற்கு வந்தீர்கள்?
"தனியாக நீட்ட மாட்டேன் என்றாள்."

அவள், கஸில்தா, பக்கத்து நாற்காலியில்.
அவள் ஆலிவ் எண்ணில்
மூன்று மில்லிமீட்டர், தள்ளுபடிக்கு ஒரு நூல் மேலே.
ஆனால் மே வந்தால்
கதவிடுக்கில் ஈரத் துணி, உட்கார்ந்தபடி இரவு,
ஸ்ட்ரா வழியாக ஊர்க்காற்றை உறிஞ்சுவது போல மூச்சு.
தாங்க முடியாமல்
அல்மேரியாவில் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.
வருடத்தில் ஆறு வாரம்
அவர்கள் திருமணம் தொலைபேசியில் நடக்கிறது.

இரண்டு கைகளையும் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள்,
சட்டை மாறிப் போட்டுக்கொண்டவர்கள் போல.
"பெயரை மாற்றி எழுதிவிட்டீர்களோ?"
இல்லை. டாக்டர் பெர்னால் தினமும் சொல்வதைச் சொன்னேன்:
உடம்பு ஒருவரை அடையாளம் தெரிந்து வைப்பது வேறு,
பார்த்தவுடன் கூச்சல் போடுவது வேறு.

தடிப்பைப் பேனாவால் சுற்றி வரைவேன்,
மேலே செலோடேப் அழுத்தி உரிப்பேன்,
மை தாளுக்கு வந்துவிடும்.
அலமாரி நிறையத் தீவுகள்.
சில மாலைகளில் அவற்றைத் தரையில் பரப்புகிறேன்.
அடுக்குமாடியில் பிறந்தவர்களுக்குத் தூசிப்பூச்சி முந்துகிறது.
லெயாந்த்ரோ, ஒன்பது வயது,
முதலில் பீச் தோல்பட்டு உதடு அரித்தது.
இப்போது வால்நட், பிளேன் மரம், மாசிப்பத்திரி
வரிசையாக எழும்புகின்றன.
பீச்சில் அரண்டவனுக்கு வால்நட்டும் பேய்.
எல்லா எண்ணும் வீங்கிய ஒருத்தி
ஞாயிறுதோறும் கால்பந்து ஆடுகிறாள்.
ஒற்றைப் புள்ளிக்காரர் ஒருவர்
எல்லாக் கோட்டுப் பையிலும் இன்ஹேலர் வைத்திருக்கிறார்.
வடிவம் தெரிகிறது.
அது எதன் வரைபடம் என்பதுதான் தெரியவில்லை.

பிப்ரவரியில் என் கண்ணும் நீராக ஓடும்.
சைப்ரஸ்தான், சந்தேகமே இல்லை.
நான்கு முறை என்னையே குத்திப் பார்த்துவிட்டேன்,
கை சுத்தம், பாவமறியாத கை.

அதனால் தாளை மூடிவிட்டுக் கேட்க ஆரம்பிக்கிறேன்.
எவுஃப்ராசியோ,
அந்த மரத்தடிச் சட்டை,
அதை எங்கே கழற்றுவீர்கள்?

"எங்கே என்றால்?
படுக்கையறையில். நாற்காலி மேல்."

கடிகாரத்தில் இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.
"எந்த நாற்காலி?" என்றாள் கஸில்தா,
தெரிந்துகொண்டே.
அவர் தன் பதினான்கு மில்லிமீட்டரைப் பார்த்தார்.
"முப்பத்திரண்டு வருடம்," என்றாள்.
சிரித்தாளா, மூச்சு வாங்கினாளா,
எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.
இருவருமே சொறியவில்லை.